பிஎச்டி கைடு 'ரிசல்ட்டை யாரிடமும் சொல்லாதே' என்கிறார். அவர் சொல்வது சரியா?

நீங்கள் முதல் வருட ஸ்காலராக இருப்பீர்கள். கைடை எதிர்த்துப் பேசவும் முடியாது, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் செய்தது டைட்டானியம் டைஆக்சைடு நானோ துகள். (தெருவுக்கு நாலு பேர் செய்கிறார்கள், தெரியும், சிரிக்காதீர்கள்.) அதில் என்ன ராணுவ ரகசியம்? ஆனாலும் செமினார் ஸ்லைடில் வெப்பநிலையை அழித்துவிட்டு டி1, டி2 என்றுதான் போட வேண்டும். துறைக்குப் பொதுவான ஃபர்னஸ் (சாம்பிளைச் சுடும் மின் உலை) ஒன்று உண்டு. அதன் ரிஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதுவோம், வெப்பநிலைக் கட்டத்தைக் காலியாக விடுவோம். பக்கத்து லேப்காரர்களும் அப்படியே.

450 டிகிரியில் சுட்டால் எனக்குச் சுத்தமான அனடேஸ் (டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு படிக வடிவம்) வர வேண்டும். எக்ஸ்ஆர்டி (படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்தால் 27.4 டிகிரி கோணத்தில் ரூடைல் பீக் நிமிர்ந்து நிற்கும். ரூடைல் என்பது சூடு அதிகமானால் வரும் இன்னொரு வடிவம். கெமிக்கலை மாற்றினேன், பிஎச்சை மாற்றினேன், மாதக்கணக்கில் போனது. ஒருநாள் டீக்கடையில் பக்கத்து லேப் அண்ணன் தன் சாம்பிளைத் திட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், அவருக்கும் அதே பீக்! தனியாக ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) உள்ளே விட்டுப் பார்த்தோம். டிஸ்ப்ளேவில் 450, உள்ளே 600ஐத் தாண்டியிருந்தது. ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் இரண்டு லேப்பும் அன்றைக்கே பிழைத்திருக்கும்.

எல்லா கைடும் இப்படி என்று சொல்லவில்லை. "ஐடியா திருடு போனால் நீ பொறுப்பேற்பாயா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: திருட்டு நடக்கிறது, மறுக்கவில்லை. விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் எடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை, டிஎன்ஏ வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனிடம் 1953இல் அவருக்கே தெரியாமல் காட்டியது யார்? பிராங்க்ளின் வேலை பார்த்த அதே கல்லூரியில் இருந்த வில்கின்ஸ். ஊருக்குச் சொல்லியா அது போனது?

வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஜனவரி 11ஐப் பாருங்கள். சீனாவின் ஜாங் யோங்ஜென் குழு கொரோனா வைரஸின் மரபணு வரிசையை இணையத்தில் போட்டது. அதை வைத்தே மார்ச் 16இல் அமெரிக்காவில் மனிதர்களிடம் முதல் தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. ஜாங்கின் லேபை மறுநாளே மூட வைத்தார்கள் என்பது வேறு கதை.

இன்னொன்று. திறந்த அறிவியல் என்று மேடையில் முழங்குகிறார்களே, ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவருக்கான அரசு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல் உயர்த்தினார்கள், சரி. அது மாதாமாதம் வருகிறதா? மெஸ் பில்லுக்குக் கடன் வாங்குகிற ஸ்காலரிடம் பேப்பர் போடக் கட்டணம் வேறு கேட்கிறார்கள். கேட்டது அதுவல்ல, விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கைடு சொல்வதைக் கேளுங்கள். பேடன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் போஸ்டர்கூடப் போடாதீர்கள். முன்பே வெளியே சொன்னால் பேடன்ட் கைவிட்டுப் போகலாம், நம் சட்டத்தில் அதற்கு விதிவிலக்குகள் மிகக் குறைவு. புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. பேடன்ட் இல்லையென்றால் கைடின் சம்மதத்தோடு ப்ரீபிரிண்ட் (இதழில் வரும் முன்பே இணையத்தில் வெளியிடும் கட்டுரை) போடுங்கள், தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். சம்மதிக்காவிட்டால் ஃபர்னஸ் ரிஜிஸ்டரையாவது முழுதாக நிரப்புங்கள்.