பால்கனி இல்லாத வீட்டில் ஸ்க்ரீன் பிரிண்டிங்

கேள்வி: மும்பை முலுண்டில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு நானே கோலம் அச்சடித்த தாம்பூலப் பை கொடுக்க ஆசை. ஐம்பது பை போதும், தங்க நிறம் என்றால் இன்னும் நல்லது. ஆன்லைனில் ஒரு கிட் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? பால்கனி கிடையாது. மழை வேறு.

பதில்: கிட்டை விடுங்கள். தாம்பூலப் பை அளவுக்கு வலை கட்டிய ஒரு ஃபிரேம், படத்தைவிட ஓரிரு அங்குலம் அகலமான ஸ்குவீஜி (வலை வழியே மையைத் தள்ளி இழுக்கும் ரப்பர் பட்டை), துணிக்கான பைண்டர் (நிறத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பசை), பிக்மென்ட் (நிறமி). பைண்டரும் பிக்மென்ட்டும் கலந்ததுதான் மை. இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் உங்களுக்கு வேண்டிய அளவில் கிடைக்கும். துணி வேலைக்கு 43டி வலை கேளுங்கள். அதாவது சென்டிமீட்டருக்கு 43 இழை; அங்குலக் கணக்கில் 110 மெஷ் என்றாலும் அதுதான். ஃபிரேம் அலுமினியமாக இருக்கட்டும். மரச்சட்டம் மழைக்காலத்தில் ஊறி முறுக்கிக்கொண்டால் நான்கு மூலையும் மேசையில் படியாது, அப்புறம் ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும்தான் விழும்.

மங்கள்தாஸ் மார்க்கெட் பக்கம் போனால் துணியை மீட்டர் கணக்கில் வாங்கலாம். காடா துணி போதும். முதலில் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மை கஞ்சியின் மேல் உட்கார்ந்து முதல் சலவையிலேயே போய்விடும். பை தைப்பதற்கு முன்பே அச்சடியுங்கள். தையல் மேட்டில் ஸ்குவீஜி ஏறி இறங்கினால் கோடு உடையும். ரெடிமேட் பைதான் என்றால் உள்ளே ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

அச்சடிக்க ஒரு மத்தியானம் போதும். மும்பையில், அதுவும் இந்த மாதங்களில், எல்லாச் சிக்கலும் காயவைப்பதில்தான்.

தொடக்கத்துக்குக் காகித ஸ்டென்சில் சுலபம்தான், ஆனால் கோலத்துக்குச் சரிப்படாது. சிக்குக் கோலத்தில் கம்பி சுற்றிய உள்வட்டம் ஒவ்வொன்றும் தனித்துண்டாக வெட்டுப்பட்டு விழுந்துவிடும். கை பழகுவதற்காக ஒரு மாங்காயோ கிளியோ வெட்டி, பழைய வேட்டித் துண்டில் நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். கோலத்துக்கு எமல்ஷன் வேண்டும்: வலையில் பூசிக் காயவைத்து, கோலத்தைக் கறுப்பில் அச்சிட்ட ஃபிலிமை (கண்ணாடித்தாளை) ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும், கோடு மறைத்த இடம் கழுவும்போது திறந்துகொள்ளும். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரையுங்கள்.

எமல்ஷன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சென்சிடைசர் (ஒளியில் இறுகுவதற்காக எமல்ஷனில் கலக்கும் மருந்து) என்று ஆரஞ்சு நிறப் படிகமோ கரைசலோ கொடுத்தால் அது பைக்ரோமேட்டாக இருக்கலாம். தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடியது. குழந்தைகள் குளிக்கிற பாத்ரூமில் அதைக் கழுவக் கூடாது. டையசோ வகை கேளுங்கள், அல்லது கலக்கவே தேவையில்லாத ஃபோட்டோபாலிமர்.

டியூப்லைட்டை அணைத்து, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வலையின் இரண்டு பக்கமும் எமல்ஷனை மெல்லிசாகப் பூசுங்கள். பிறகு ஃபிரேமைப் படுக்கை வசமாக, இருட்டில், டேபிள் ஃபேன் காற்றில் வையுங்கள். கதவு மூடிய அலமாரிக்குள் வைத்தால் ஈரம் எங்கேயும் போகாது. கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அதை நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் எமல்ஷன் ஒளிபட்டும் சரியாக இறுகாது, கழுவும்போது கோலத்தோடு சேர்ந்து மொத்தமும் வழிந்து ஓடும். ‘எமல்ஷன் மட்டம்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான். ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

வெளிச்சம் காட்டுவதற்கு மழைக்கால வெயிலை நம்ப முடியாது. மேகம் நகர நகர நேரம் மாறும். யூவி எல்இடி விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஃபிலிமின் மை படிந்த முகம் வலையின் வெளிப்பக்கத்தை, அதாவது துணியில் படும் பக்கத்தை, ஒட்டியிருக்க வேண்டும்; அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரிவதுதான் சரி. மேலே கண்ணாடி, அடியில் கறுப்புத் துணி. முதல் ஃபிரேமைச் சோதனைக்கென்றே வையுங்கள்: ஓர் அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு அங்குலமாக விலக்கிக்கொண்டே போங்கள். கழுவியபின் ஜன்னலுக்கு நேரே பிடித்தால் பட்டை பட்டையாகத் தெரியும். குறைந்த நேரப் பட்டையில் எமல்ஷன் வழவழத்துக் கரையும், அதிக நேரப் பட்டையில் கோடே திறக்காது. இடையில் விளிம்பு கூர்மையாக நிற்கும் பட்டைதான் உங்கள் நேரம். விளக்கோ அதன் உயரமோ மாறினால் சோதனை மறுபடியும்.

இவ்வளவு பாடா என்றால், ஸ்க்ரீன் செய்து தரும் கடையில் ஃபிலிமைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுத் தொழிலில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அச்சடிக்கும்போது நான்கு மூலையிலும் நாணயம் வைத்து, வலைக்கும் துணிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மை வலையிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் மையை வலையின் மேல் லேசாகப் பரப்பி வையுங்கள். காய வைக்க கொடிக்கயிறும் கிளிப்பும் போதும். ஹாலில் கட்டி, இப்போது ஃபேனைப் போடலாம். மறுநாள் நீராவி இல்லாமல், பருத்திச் சூட்டில், பின்பக்கமாக ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் இஸ்திரி. வேலை முடிந்ததும் மிச்ச மையை பிளாஸ்டிக் அட்டையால் வழித்து டப்பாவிலேயே போட்டு, வலையை உடனே கழுவுங்கள்.

தங்க நிறம் வரும். வெங்கலத் தூள் நாளடைவில் கறுக்கும், மைக்கா வகைத் தூள் கறுக்காது. நிறமில்லாத பைண்டரில் அதைக் கலந்து 43டி வலையிலேயே அடிக்கலாம். நெருக்கமான வலையில் தூள் அடைக்கும். வெள்ளைக் காடாவில் தங்கம் எடுபடாது. அரக்குச் சிவப்போ மயில் பச்சையோ பார்த்து வாங்குங்கள், பாழாகும் துணிக்கு என்று அரை மீட்டர் சேர்த்து.