சந்தை விழும் என்று தோன்றினால் இன்வர்ஸ் ஃபண்டில் பணம் போடலாமா?

மாம்பலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், போன வாரம் இதையே கேட்டார். பங்குச் சந்தைக் குறியீடு இறங்கினால் ஏறும் இந்த ஃபண்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் விற்பனையாகின்றன. குறியீட்டுக்கு 'எதிர்மாறு' என்ற வாக்குறுதி அந்தந்த ஒரு நாளின் ஏற்ற இறக்கத்துக்கு மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அவருடைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். குறியீடு 100. முதல் நாள் 10 சதவீதம் ஏறி 110. மறுநாள் 10 சதவீதம் இறங்கி 99. இன்வர்ஸ் ஃபண்டோ முதலில் 90, பிறகு 99. குறியீடு விழுந்திருக்கிறது, நம் பணமும் குறைந்திருக்கிறது! தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏற்ற இறக்கம் நீடிக்க நீடிக்க இந்தத் தேய்மானம் கூடும்; கட்டணம் தனி. ஒரே திசையில் தொடர்ந்து சரிந்தால் லாபம் உண்டுதான். ஆனால் 2020 மார்ச் 23 அன்று ஏறக்குறைய 13 சதவீதம் சரிந்து 7,610-க்கு வந்த நம் நாட்டு நிஃப்டி குறியீடு, அந்த ஆண்டு முடிவில் 14,000-ஐ நெருங்கிவிட்டது. பயந்து அன்று எதிர்ப்பந்தயம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓய்வூதியப் பணத்தை இதில் வைக்கவே வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அச்சம் இருந்தால் பங்குகளின் அளவைக் குறைத்து, வைப்பு நிதிக்கு மாற்றுங்கள்.