மனு ரசீதும் தீர்மான நோட்டும்

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் எங்கள் ஊர் டேங்க்கில் போர் தண்ணீரைத்தான் ஏற்றுகிறார்கள். தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது. மூன்று மாதமாகியும் வேறெதுவும் நடக்கவில்லை. "படிக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார் அப்பா. மாணவர்கள் இதில் இறங்கிப் பயன் உண்டா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

உண்டு. ஆனால் மனுவோடு நின்றுவிட்டால் இல்லை.

உங்கள் கடிதம் படித்ததும் பாலக்கோடு பக்கம் பார்த்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நான்காம் வகுப்பு. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில், போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பைக் குடித்ததால் வந்தது அது. எத்தனை தேய்த்தாலும் போகாது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று அவன் அம்மா நம்பிக்கொண்டிருந்தார். காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும். இதை வீடு வீடாகச் சொல்ல வேதியியல் படிக்கிற ஐந்து பேரை விடப் பொருத்தமானவர்கள் யார்? அப்பாவிடம் சொல்லுங்கள், இதுவும் படிப்புதான்.

இப்போது மனு. "நல்ல தண்ணீர் வேண்டும்" என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம். எண்ணோடு கேட்டால் அப்படி முடிக்க முடியாது. டேங்க் தண்ணீரை, ஒகேனக்கல் நீர் வந்த நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று என இரண்டு பாட்டில் பிடித்து, தேதி எழுதி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஃபுளோரைடு அளவு. 1.5 வரை போகலாம் என்பது வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்குத் தந்த சலுகை. நமக்குத்தான் வேறு ஆதாரம் இருக்கிறதே! ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடிக்கு மேல் செலவழித்து, 2013-ல் ஒகேனக்கல் திட்டத்தைத் திறந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். போர் தண்ணீரைக் கலந்துவிட்டு 1.5-க்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். எங்கள் ஊருக்கு ஒதுக்கிய ஒகேனக்கல் நீர் எவ்வளவு, கடந்த ஆறு மாதத்தில் மாதவாரியாக வந்தது எவ்வளவு? இந்த இரண்டே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு.

அப்புறம் கிராம சபை. மனு என்பது நீங்கள் கேட்பது. தீர்மானம் என்பது ஊர் சொல்வது. 18 வயதாகி ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் சபையின் உறுப்பினர், யாரும் "சின்னப் பொண்ணு" என்று உட்கார வைக்க முடியாது. ஒன்று மட்டும் கவனம். பல வருடங்களுக்கு முன் ஒரு கிராம சபையில், கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டை நீட்டினார்கள். மேலே முழுப் பக்கமும் காலி. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நாங்கள் பேசிய ஏரி விஷயம் அதில் ஏறவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை அது உறுத்துகிறது. அதனால் தீர்மானத்தை நீங்களே நாலு வரியில் எழுதிக்கொண்டு போங்கள், ஆய்வக எண்ணோடு. வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலும் கேளுங்கள்.

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். எது முதலில் வருகிறதோ அன்று போங்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவரும் அந்தச் சபையின் உறுப்பினர்தான்.