'பை' வேறு, 'அன்டில்' வேறு

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் "ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினேன். மேலாளர் 'அன்டில்' என்பதை அடித்துவிட்டு 'பை' என்று திருத்தினார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது என்பதைத்தானே நான் சொல்ல வந்தேன்? 'பை' என்றால் 'ஆல்' என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறேன். அதை எங்கெங்கே பயன்படுத்த வேண்டும்?

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானது. ஒரு செயலோ நிலையோ ஒரு நேரம் வரையில் நீடிப்பதைச் சொல்ல 'அன்டில்' வரும். அந்த நேரத்துக்கு முன்போ, மிஞ்சிப்போனால் அந்த நேரத்திலோ ஒரு செயல் முடிந்துவிடும் என்று சொல்ல 'பை' வரும். காத்திருத்தல், தங்குதல் போன்றவை நீடிப்பவை என்பதால் 'அன்டில்' ஏற்கும். முடித்தல், அனுப்புதல், செலுத்துதல் ஆகியவற்றுக்குக் கெடு குறிக்கும்போது 'பை' வேண்டும். நீங்கள் மனத்தில் நினைத்த 'அவகாசம்' நீடிக்கும் ஒன்று என்பதால், "வீ ஹேவ் டைம் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதியிருந்தால் பிழையே இல்லை. ஐயம் வரும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "வெள்ளிக்கிழமை வரை முடிப்பேன்" என்பது காதுக்கு இடறும், "வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பேன்" என்பது இயல்பாக ஒலிக்கும்.

ஆனால் இந்தச் சோதனையை ஓர் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். "3-ஆம் தேதிக்குள்", "3 நாட்களுக்குள்" என்று இரண்டையும் நாம் ஒரே உருபால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ முதலாவது ஒரு கெடுநாள் என்பதால் 'பை', இரண்டாவது ஒரு கால அளவு என்பதால் 'விதின்'. "பை த்ரீ டேஸ்" என்று கெடுவைக் குறிப்பது நம்மவர் எழுத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. கெடுவைச் சொல்லும் 'பை' பொதுவாக அந்த நாளையும் உள்ளடக்கும். 'பிஃபோர்' என்று எழுதினால் முந்தைய நாளே கடைசி. நாளின் எந்த நேரம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலான சச்சரவுகளுக்கு இடம் தருகிறது என்பதால், பணம் அல்லது ஒப்பந்தம் தொடர்பான கடிதங்களில் மணியையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பள்ளியில் படித்த 'ஆல்' பொருளும் தவறன்று, முழுமையற்றது. மூன்றாம் வேற்றுமை உருபு கருத்தாவுக்கும் கருவிக்கும் பொதுவானது: "அவரால் எழுதப்பட்டது" என்கிறோம், "பேனாவால் எழுதப்பட்டது" என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து, செய்தவருக்கு 'பை', கையில் எடுத்த கருவிக்கு 'வித்' என்று வைத்திருக்கிறது. பயணத்தில் "பை டிரெயின்", "பை பஸ்" என்று வழிமுறையைப் பொதுவாகச் சொல்லும்போது நடுவில் 'ஏ', 'த' எதுவும் வராது; குறிப்பிட்ட வண்டியைச் சொன்னால் "இன் மை கார்", "ஆன் த பஸ்" என்று மாறிவிடும்.

நீங்கள் கேட்காத இன்னொரு பயன்பாட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அறிக்கை எழுதுபவரை அதிகம் சிக்கவைப்பது அதுதான். எண்களோடு வரும்போது 'பை' மாற்றத்தின் அளவைச் சொல்லும், 'டு' மாற்றத்துக்குப் பின் எட்டிய நிலையைச் சொல்லும். 200 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை "ரோஸ் பை 50" என்றால் இப்போது 250. "ஃபெல் டு 50" என்றால் 150 பேர் குறைந்து 50 பேரே எஞ்சியிருக்கிறார்கள். சதவீதத்தையே சதவீதத்தால் கூட்டும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 10 சதவீத வட்டி "பை 2 பர்சென்ட்" உயர்ந்தது என்று எழுதினால், ஒருவர் அதை 12 சதவீதம் என்றும், மற்றொருவர் பத்தின் 2 சதவீதத்தைக் கூட்டி 10.2 சதவீதம் என்றும் படிக்கக்கூடும். 12 என்பதுதான் உங்கள் கருத்தென்றால் "பை 2 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்" என்று எழுதுங்கள், அல்லது 'டு' போட்டு 12 சதவீதத்தையே நேராகக் குறிப்பிடுங்கள்.