ஜான் ஹியூமும் வடக்கு அயர்லாந்துப் பேச்சுவார்த்தையும்: கேள்வி பதில்

தஞ்சாவூர் ஆசிரியை: வடக்கு அயர்லாந்தின் மதச் சண்டையில், அங்குள்ள எஸ்.டி.எல்.பி. கட்சியின் தலைவராக இருந்த ஹியூமின் நிலைப்பாடுதான் என்ன?

முதலில் ‘மதச் சண்டை’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதுதான் வழக்கு. யார் எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளமாக மதம் இருந்தது. சுமார் 3,500 உயிர்கள் போயின. மண் பிரிந்து கிடக்கிறது என்று, அயர்லாந்தோடு சேர விரும்பிய மற்ற தேசியவாதிகள் சொன்னபோது, மக்கள்தான் பிரிந்து கிடக்கிறார்கள் என்றார் ஹியூம். குண்டு வைத்து மக்களின் ஒப்புதலைப் பெற முடியாது என்பதால், அயர்லாந்தோடு சேர ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ.வின் (ஐரிஷ் குடியரசுப் படை) வழியை அடியோடு மறுத்தார். வடக்குக்குள் இரு சமூகங்கள், தீவின் வடக்கும் தெற்கும், லண்டனும் டப்ளினும் என மூன்று உறவுகளையும் சேர்த்தே சீராக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கையின் மூன்று பகுதிகளும் இவைதாம்.

சேலம் வாசகர்: ஆயுதத்தைக் கீழே வைக்காதவர்களோடு அவர் பேசியது சரியா?

ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் கிளையான ஷின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸுடன் 1988இல் பேசத் தொடங்கினார். 1993இல் விஷயம் வெளியே தெரிந்ததும் டப்ளின் பத்திரிகைகள் சில அவரைக் கிழித்துத் தோரணம் கட்டின. சொந்தக் கட்சியிலும் முணுமுணுப்பு. அந்த அக்டோபரில் ஐ.ஆர்.ஏ. பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் சாலை மீன் கடையில் குண்டு வைத்தது. ஒரு வாரத்தில் எதிர்த்தரப்பு ஆயுதக் குழு கிரேஸ்டீல் ஊர் மதுக்கடையில் புகுந்து சுட்டது. அங்கே இறந்தவர்களின் இறுதிச் சடங்கில், கொல்லப்பட்ட ஒருவரின் மகள் ஹியூமிடம் வந்து, உங்கள் முயற்சி வெற்றிபெற வேண்டுமென்று அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று வேண்டிக்கொண்டோம் என்றார். ஹியூம் அங்கேயே உடைந்து அழுதார். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. சரியா என்று கேட்டால், சரி என்பேன்.

திருநெல்வேலி வாசகர்: துப்பாக்கி வைத்திருப்பவர்களுடன் பேசலாமா?

மேலே பாருங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தனியாகப் பேசுவது வேறு, பேச்சுவார்த்தையில் நாற்காலி போடுவது வேறு. 1996இல் போர்நிறுத்தம் முறிந்தது. 1997 ஜூலையில் அது மீண்ட பிறகே ஷின் ஃபெய்னுக்கு நாற்காலி கிடைத்தது.

மதுரை வாசகர்: ஹியூமையே தூக்கிப்பிடிக்கிறீர்கள். தலையைக் கொடுத்தவர் யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிள் அல்லவா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளைச் சம்மதிக்கவைப்பது எளிதல்ல. கடைசி நேரத்தில் டிரிம்பிளின் சொந்தக் குழுவிலேயே ஆள் வெளியேறினார்.

அவரே மீண்டும்: இரு சமூகங்களும் ஆட்சியைப் பகிர வழிசெய்த 1973 சன்னிங்டேல் ஒப்பந்தத்தில் இருந்ததுதானே 1998 உடன்படிக்கையிலும்? ஹியூம் புதிதாக என்ன செய்தார்?

அவருடைய துணைத் தலைவர் ஷேமஸ் மாலனே இதை ‘மெதுவாகப் படிப்பவர்களுக்கான சன்னிங்டேல்’ என்று கிண்டலடித்தார். ஆனால் 1974 மே மாதம் யூனியனிஸ்டுகள் நடத்திய வேலைநிறுத்தத்தில் சன்னிங்டேல் கவிழ்ந்தது. அப்போது வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஆயுதக் குழுக்களின் அரசியல் பிரதிநிதிகள் 1998இல் உள்ளே இருந்தார்கள். கைதிகள் விடுதலை சேர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடந்தது, வடக்கில் 71.1 சதவீதம் ஆதரவு.

மூன்றாம் முறையாக: 1998இல் இருவருக்கும் பகிர்ந்து தந்த அமைதி நோபல் பரிசு முழுவதும் டிரிம்பிளுக்கே போயிருக்க வேண்டும்.

பரிசுக் குழுவில் நான் இல்லை ஐயா. நஷ்டக் கணக்கு பார்த்தால் இருவருக்கும் அடிதான். 2001 தேர்தலில் ஹியூமின் கட்சியை ஷின் ஃபெய்ன் முந்தியது. டிரிம்பிள் 2005 மே மாதம் தொகுதியை இழந்தார், ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை ஒழித்து முடித்தது அதே ஆண்டு செப்டம்பரில்!

சென்னை மாணவி: பிரெக்ஸிட்டுக்குப் பின் சுங்க விதிகள் எப்படி மாறின?

என் துறை அல்ல. வர்த்தகச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மதப்போர் எப்போது முடிந்தது?

முதல் பதிலின் முதல் வரி.

கோவை வாசகர்: ஹியூம் எங்கே போனாலும் ஒரே பேச்சைத்தான் பேசுவாராமே?

ஆமாம், செய்தியாளர்களே கேலி செய்தார்கள். அரசியலுக்கு முன் டெரி நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாடம் ஏறும்வரை விடமாட்டார். ஈரோட்டுக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது.