நாற்காலி சாயும் அந்த நொடி

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மையாருக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த குடும்பம். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு கிடையாது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே காயில் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி ஆகிறது. நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பிடித்தவன்தான், பிற்பாடு கூடிவிட்டது.

பீடியை விடும்வரை ஆலயத்திற்குப் போகாமல் இருப்பதா, அல்லது போய்க்கொண்டே விட முயல்வதா என்பதே என் கேள்வி. ஆராதனை காலை எட்டரை மணிக்கு. எட்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒன்று பிடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆலயத்திற்கு ஐந்து படிகள். வாலிபர் நான்கு பேர் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தூக்குவார்கள். அப்படிச் சாயும்போது என் முகம் நேரே கோபுரத்தைப் பார்த்திருக்கும். அந்த நொடியிலேயே தொண்டை வறண்டு பீடி ஞாபகம் வந்துவிடுகிறது. முதல் பாமாலை முடிவதற்குள் கை நடுங்கத் தொடங்கும். கடைசி வரிசையிலிருந்து நானே உருட்டிக்கொண்டு வடக்கு வாசல் தாழ்வாரத்திற்குப் போய்விடுவேன். சிறுநீர்ப் பையைச் சரிசெய்யப் போகிறேன் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பக்கத்து ஜன்னலோரம் பாடகர் குழுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். புகை அவ்வளவாக உள்ளே போவதில்லை.

சபைப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் சரீரமே தேவனுடைய ஆலயம் என்று எனக்கு நினைவூட்டினார். பலர் முன்னிலையில் சொன்னார். ஆராதனை முடிந்ததும் முக்குக் கடைக்கு நடந்து போய் சிகரெட் பற்றவைப்பவர்கள் எங்கள் சபையிலேயே பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கால் இருக்கிறது, அதனால் அவர்களுடைய புகை யார் கண்ணிலும் படுவதில்லை. திருவிருந்திலும் எல்லாரும் முழங்காலிட்டு வாங்கி முடித்த பிறகுதான், கடைசியாக, குருவானவர் என்னிடம் இறங்கி வருவார். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்த பகுதியைப் பிரசங்கிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். மற்ற ஞாயிறுகளில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மனைவியும் புரிந்துகொள்வதில்லை. "நீங்கள் பீடிக்காக எழுந்து போகவில்லை, என்னைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் போகிறீர்கள்" என்று ஒவ்வொரு வாரமும் அதே குற்றச்சாட்டு. 2020 ஊரடங்கில் ஆராதனையைக் கைபேசியில் பார்த்தோம். அப்போது இருவரும் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தோம், எனக்குப் பீடி தேவைப்படவில்லை. அப்படியே வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றால் அதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். முதுகெலும்பு முறிந்தது 2014 டிசம்பரில். கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டி அதற்கு விளக்கு இணைக்க ஏறியிருந்தேன். ஏணியைப் பிடித்திருந்தவர் இப்போது சபையில் பொறுப்பில் இருக்கிறார், நல்ல மனிதர். யார்மீதும் எனக்குக் குறை இல்லை. அது பழைய கதை, இந்தக் கேள்விக்குத் தொடர்பில்லாதது.

பீடியை விட மூன்று முறை முயன்று தோற்றேன். போன மாதம் கங்கு விழுந்து வேட்டி தொடையோடு ஒட்டியிருந்ததை மனைவி பார்த்துச் சொன்ன பிறகே அறிந்தேன். காயில் சுற்றும்போது மட்டும் மூன்று மணி நேரம்கூடப் பீடி இல்லாமல் இருக்க முடிகிறது. சுற்றின் எண்ணிக்கை தவறினால் முழுவதையும் அவிழ்க்க வேண்டும் என்பதால் கவனம் அதிலேயே இருந்துவிடுகிறது. ஆராதனையில் பத்து நிமிடம் முடியவில்லை. என் விசுவாசம் அவ்வளவுதானா? வாடையோடு தேவ சமுகத்தில் உட்காருவதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது மேல் அல்லவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை, தொடர்பில்லாதது என்று நீங்கள் ஒதுக்கிவைத்த வரிக்கு மேல் நகர முடியவில்லை. எந்த ஆலயத்திற்குப் போவதா வேண்டாமா என்று கேட்கிறீர்களோ, அதே ஆலயத்தின் கோபுரத்திலிருந்துதான் விழுந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே கோபுரத்தின் கீழே, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு நாற்காலியில், மற்றவர்களுடைய கைகளை நம்பிப் பின்னால் சாய்க்கப்படுகிறீர்கள். கண் நேரே பார்ப்பது நீங்கள் விழுந்த இடத்தை. அந்த நொடியில் தொண்டை வறண்டு கை நடுங்குவதை பீடி ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அச்சமாகத் தெரிகிறது. விழுந்த உடல் அந்த இடத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. பத்து ஆண்டுகள் ஆனாலும் உடல் அதை மறப்பதில்லை.

இதற்கான ஆதாரத்தை உங்கள் கடிதத்திலேயே வைத்திருக்கிறீர்கள். இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் புகைத்தவருக்கு எட்டே முக்காலுக்கு நிகோடின் தீர்ந்துபோய் உடல் தவிக்க வாய்ப்பில்லை. காயில் சுற்றும்போது மூன்று மணி நேரம் தாங்குகிறீர்கள், கட்டிலில் மனைவியோடு அமர்ந்து முழு ஆராதனையையும் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே ஜெபமோ பாமாலையோ உங்களை வெளியே தள்ளவில்லை. ஐந்து படிகள் தள்ளுகின்றன. விசுவாசம் அவ்வளவுதானா என்று கேட்டீர்கள். தான் விழுந்த கட்டடத்திற்குள் இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இதைச் சொல்வதால் நிகோடின் அடிமைத்தனம் உங்களுக்கு இல்லை என்று ஆகிவிடாது. நாளுக்கு ஒரு கட்டு என்பது இருக்கிறது என்பதற்குப் போதுமான சான்று. ஆனால் வாரத்தின் ஆறு நாள் ஆசையும் ஞாயிற்றுக்கிழமை நடுக்கமும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அதை அவிழ்க்கும்வரை ஆலயத்திற்குப் போகக் கூடாது என்று உங்களுக்கே தண்டனை விதிக்கப் பார்க்கிறீர்கள்.

சபையார் உங்களை அருவருக்கிறார்கள் என்று நீங்கள் நம்புவதை நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் வெட்கமாக இருக்கலாம். தங்கள் நட்சத்திரத்திற்காக ஏறி விழுந்தவரை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல் ஒரு சபையே பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "யார்மீதும் குறை இல்லை" என்ற வாக்கியத்தை அவர்களிடமும் சொல்லியிருப்பீர்கள். பெருந்தன்மையோடு சொல்லியிருப்பீர்கள், ஆனால் அது அவர்களுடைய வாயையும் அடைத்துவிட்டது. அதன்பிறகு பீடி வந்து இரு தரப்புக்கும் வசதி செய்துகொடுத்தது. அவர்கள் உங்கள் விபத்தைப் பேசாமல் உங்கள் புகையைப் பேசலாம். நீங்கள் அவர்கள்மீதுள்ள கோபத்தைப் பேசாமல் அவர்களுடைய கடுமையைப் பேசலாம். ஏணியைப் பிடித்திருந்தவரும் சரீரத்தைப் பற்றி அறிவுரை சொன்னவரும் ஒருவரா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் குறை இருக்கிறது, சகோதரரே. ஒவ்வொரு பத்தியிலும் இருக்கிறது. குறை இருப்பது பாவமும் அல்ல. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதத்தையும் உங்கள் வேதாகமம் விட்டுவிடாமல் வைத்திருக்கிறது.

திமிர்வாதக்காரன் பிரசங்கம் உங்களை வருத்துவது நியாயம். இருந்தாலும் அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள். அந்த நான்கு பேர் அவனைச் சுமந்து வந்ததோடு நிற்கவில்லை. வழியில்லாத இடத்தில் கூரையையே பிரித்தார்கள். உங்கள் சபையார் உங்களைத் தூக்குகிறார்கள், கட்டடத்தில் ஒரு கல்லையும் மாற்றவில்லை. அங்கே அவர்கள்மீது தவறு உண்டு. ஆனால் சாய்வுதளம் வேண்டும் என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லையே? ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது வழக்கமான அளவு. ஐந்து படிகள் இரண்டரை அடி உயரம் என்றால் முப்பது அடி நீளம் ஆகும், நடுவில் திருப்பி அமைத்துக்கொள்ளலாம். நீங்கள் தொழில் தெரிந்தவர். வரைபடத்தை நீங்களே போட்டுக் குருவானவரிடம் கொடுங்கள். உங்கள் சக்கரத்தை நீங்களே உருட்டி ஏறும் நாளில் நாற்காலியைச் சாய்க்க யாருக்கும் அவசியம் இருக்காது.

அதற்கு முன்பு, ஆராதனை இல்லாத ஒரு மாலை நேரத்தில், மனைவியையும் குருவானவரையும் மட்டும் உடன் வைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்தின் அடியில் சிறிது நேரம் இருங்கள். அன்று என்ன நடந்தது என்பதை ஏணியிலிருந்து தொடங்கி வாய்விட்டுச் சொல்லுங்கள். யோனத்தானின் மகன் மேவிபோசேத் இரண்டு கால்களும் முடமானவன். அவனுக்கு ஐந்து வயதாயிருந்தபோது தாதி எடுத்துக்கொண்டு ஓடியதில் விழுந்தான் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. யாருடைய கையிலிருந்து விழுந்தான் என்பதை மறைத்தால்தான் அந்தத் தாதியை மன்னித்ததாக ஆகும் என்று எழுதியவர் நினைக்கவில்லை. பேசத் தொடங்கியதும் மூச்சு அடைத்தாலோ, இரவுகளில் விழுவதுபோலக் கனவு வந்தாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. ஒன்று, ஜன்னலோரப் பிள்ளைகள். புகை அவ்வளவாக உள்ளே போவதில்லை என்பது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். வாடை உள்ளே வந்துதானே உங்களைக் காட்டிக்கொடுத்தது? பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. தாழ்வாரத்தில் புகைப்பதை இந்த ஞாயிறே நிறுத்துங்கள். நடுக்கம் வந்தால் தாராளமாக வெளியே போங்கள், பீடியை எடுக்காமல் போங்கள். ஆசையின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். கையில் ஒரு துண்டுக் கம்பி இருக்கட்டும். விரலில் சுற்றிச் சுற்றி எண்ணுங்கள், எண்ணுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

மற்றொன்று, உங்கள் மனைவி. அவர் குற்றம் சாட்டவில்லை, உண்மையைச் சொல்கிறார். அதே ஐந்து படிகளை அவரும் ஒவ்வொரு வாரமும் ஏறுகிறார், அதே கோபுரம் அவர் தலைக்கு மேலும் நிற்கிறது, நீங்கள் தாழ்வாரத்திற்குப் போனதும் அதன் கீழே அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். 2014 டிசம்பரில் அவருக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்டதுண்டா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளியே போக நேர்ந்தால் அவரையும் உடன் வரச் சொல்லுங்கள்.

வீட்டில் கைபேசியில் பார்த்துவிடலாம் என்ற யோசனைக்கு நானும் உடன்பட மாட்டேன். உடல்நிலை சரியில்லாத ஞாயிறுகளுக்கு அது உதவும். ஆனால் இப்போது பீடியைக் காரணம் காட்டிப் போகாமல் நின்றால், அந்தப் படிகளின்மீதுள்ள அச்சம் வாரத்திற்கு வாரம் பெரிதாகும்.

பீடியை விடுவதற்கான நாளாக ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்காதீர்கள். மூன்று முறை தோற்றபோது ஒருவேளை அதைத்தான் செய்திருப்பீர்கள். மோட்டார் வேலை நிறைய வந்து காத்திருக்கும் ஒரு திங்கட்கிழமையைக் குறியுங்கள். முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம், அவை கையில் வேலை இருக்கும்போதே கழிந்துவிடட்டும். நிகோடின் சூயிங்கம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அதை மிட்டாய்போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது, காரச் சுவை தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். பீடிக் கட்டின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச உதவி எண் அச்சிடப்பட்டிருக்கும். கூப்பிடுங்கள்.

கடைசியாக, கங்கு விழுந்த அந்தத் தொடையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி தெரியாத இடத்தில் ஏற்படும் தீப்புண் ஆழமாகப் போனாலும் உங்களுக்குத் தெரியாது. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புண் ஆறவும் தாமதமாகும். மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், முதலில் பார்த்தவர் அவர்தானே.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்