ஆறு மணி நேரத்தில் அமெரிக்காவா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போகிறேன். மருமகன் எடுத்த டிக்கெட்டில் ஜூன் மாதம் அபுதாபியில் காலை 10.30க்குக் கிளம்பி நியூயார்க்கில் மாலை 4.30க்கு இறங்கும் என்று இருக்கிறது. ஆறே மணி நேரத்தில் அமெரிக்கா போய்விட முடியுமா? கோயமுத்தூரிலிருந்து எவ்வளவு தூரம்?
– வாசகி, அவிநாசி

பதில்: முடியாதுங்க அம்மா. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஜூனில் நியூயார்க் அபுதாபியைவிட 8 மணி நேரம் பின்னால் இருக்கும், அந்த ஆறோடு எட்டைக் கூட்டுங்கள், 14 மணி நேரம் வரும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் போகிறவர்கள் ஒன்பதைக் கூட்ட வேண்டும்.

கோவையிலிருந்து நேராக அளந்தால் சுமார் 13,500 கி.மீ. ஆனால் நேர் விமானம் கிடையாது. பீளமேடு விமான நிலையத்திலிருந்து அபுதாபி 2,800 கி.மீ., நாலு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு 11,000. மொத்தம் 13,800தான், அதனால் மருமகன் சுற்று வழியில் அனுப்புகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழக்கே சென்னைக்குப் போய், மறுபடி மேற்கே திரும்புவதுதான் சுற்று.

ஒரு விஷயம் முக்கியம். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடுகிறார்கள், 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. வரிசை நீளும், ஆகவே நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் இருக்கிறதா பாருங்கள். பிரசவ லேகியம், பருப்புப் பொடி எது கொண்டு போனாலும் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து நியூயார்க் போக 14 மணி நேரம், திரும்பி வர பன்னிரண்டரை. ஒரே தூரம்தானே? போதாததற்கு, திரையில் பார்த்தால் விமானம் வடக்கே வளைந்து போகிறது!
– வாசகர், பல்லடம்

பதில்: மேலே 30,000 அடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். போகும்போது அதை எதிர்த்துப் போக வேண்டும், வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும்.

வளைவு விஷயம் வேறு. உருண்டையை விரித்துத் தாளில் போட்டதால்தான் அப்படித் தெரிகிறது. பிள்ளைகளின் குளோப் வீட்டில் இருந்தால், கோவைக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள் (பல்லடத்தில் நூலுக்கா பஞ்சம்!). அது அரபிக் கடலைக் குறுக்கே தாண்டி மேற்கே போகாது. நேரே வடமேற்கே ஏறி, ஸ்வீடன், நார்வே தாண்டி, ஐஸ்லாந்தைத் தொட்டு, அப்புறம் கீழே இறங்கும். அதுதான் குறுக்கு வழி. துபாயிலிருந்து போனாலும் இதே கதைதான்.

கேள்வி: கோவையிலிருந்து சிங்கப்பூர் போவது சீக்கிரமா, ரயிலில் சென்னை போவது சீக்கிரமா?
– வாசகர், கோபி

பதில்: உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் என்றால் சிங்கப்பூர்தான். 3,160 கி.மீ.யை நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். சென்னை 500 கி.மீ.தான், கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். ஆனால் நீங்கள் கோபியிலிருந்து பீளமேடு வர இரண்டு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் ஒன்பதரை ஆகிவிடுகிறதே!